அம்மன் சிங்கத்தின் வெள்ளி

எனக்குச் சாயம் பார்க்கிற வேலை என்று அம்மா தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எங்கள் பக்கம் சாயம் என்றால் தேநீர். ஆகவே நான் கொழும்பில் தேயிலை ருசி பார்த்துக்கொண்டு சொகுசாக இருப்பதாக றொசல்லப் பக்கம் முழுக்கப் பேச்சு. நான் பார்த்ததோ பழைய ஓவியங்களிலும் சிலைகளிலும் பூசிய சாயம். அது எதில் செய்தது, எந்தக் காலத்தது, எப்படி உதிராமல் காப்பது என்று சோதிக்கும் ஆய்வுகூடத்தில் தற்காலிக உதவியாளராக ஒட்டிக்கொண்டிருந்தேன். இதை விளக்கி விளக்கி வாய் வலித்ததுதான் மிச்சம்.

அப்போதுதான் எனக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்தது. அம்மாவுக்குக் கால் தரையில் படவில்லை.

"கால் காசுன்னாலும் கவர்மெண்டு காசு. ஒழுங்கா டீச்சரா வந்து சேரு."

வேண்டாம் என்று சொல்லத்தான் ஊருக்குப் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை.

கோயிலில் திருவிழா ஆயத்தம். அம்மனின் மரச் சிங்கத்தைச் சுரண்டிப் புதுப் பெயின்ட் அடிக்க இருந்தார்கள். அதன் கழுத்துப்பட்டையில் இருந்த வெள்ளித் தகடு, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை கொடுத்தது என்பது ஊர்ப் பெருமை. கருத்துப்போன அந்தத் தகட்டைக் கண்டதும் எனக்குக் கை பரபரத்தது.

"ஒரு வாரம் விட்டு வைங்க, சோதிச்சுச் சொல்றேன்."

கோயில் தலைவர் சிரித்தார். "சாயம் குடிச்சுப் பாக்குற புள்ளைக்குச் சிங்கத்துக்கிட்ட என்னம்மா வேல?"

ஆனாலும் விட்டு வைத்தார். தகட்டிலிருந்து உதிர்ந்து கிடந்த துணுக்கு ஒன்றை அவரிடம் கேட்டு வாங்கி ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போனேன்.

கருவி ஈயம் என்றது. வெள்ளி மருந்துக்கும் இல்லை. உருப்பெருக்கியில் பார்த்தால், துணுக்கின் பின்புறத்துப் பசையில் தேயிலைத் தூள். ஈரம் புகாமலிருக்க முன்பு தேயிலைப் பெட்டிகளுக்குள் வைத்த ஈயத்தாள் அது! துள்ளிக் குதித்தேன். அடுத்த நிமிடமே பயம் வந்தது. ஊர்ப் பெருமையைக் கெடுத்துவிட்டு வந்தால் அம்மா என்னை இந்தத் தொழிலில் விடவே மாட்டாள். வெள்ளிதான் என்று சொல்லிவிடலாமா? பொய் சொல்வதென்றால் இந்தத் தொழில் எதற்கு?

அடுத்த வாரம் கோயிலில் வைத்தே உள்ளதைச் சொன்னேன். தலைவரின் முகம் சுருங்கிப்போனது.

"நம்ம சாயத்த வெளுக்க வச்சிட்டியேம்மா."

அம்மா கிட்டே போய்ச் சிங்கத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்தாள்.

"அப்ப இது தொர குடுத்தது இல்ல. தேயில பேக்டரில வேல செஞ்ச நம்மாளுங்க ஒட்டுனது. சொரண்டாதீங்க, தலைவரே."

தலைவரும் வந்து அந்தத் தகட்டை விரலால் வருடினார். பிறகு என்னைப் பார்த்தார். "இது உதிராம இருக்க என்னம்மா செய்யணும்?"

நான் வாய் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டாள்.

"அவ பாத்துக்குவா. டீச்சர் வேலைக்கு அவ போகல. இதுதான் அவ வேல."