மாமியாரும் டாக்டரும் நடுவில் ஒரு விரிப்பும்

டாக்டர் ரபுருவோடு இருபத்தாறு வருஷம் நர்ஸாக இருந்தேன். எச்.ஐ.வி.க்கு மருந்தே கிடைக்காமல் எங்கள் சியாயா மாவட்டத்தில் வாராவாரம் சாவு விழுந்த காலத்தில், "வழி இல்லாமலா போகும்?" என்று அலைந்த மனிதர். மலேரியாவையும் விடவில்லை. அப்பேர்ப்பட்டவரை ஒரே ஒரு ஊர் திணறடித்தது. அது அவருடைய மாமியார் ஊர்.

எச்.ஐ.வி. உள்ள கர்ப்பிணிகளை மலேரியா அண்டாமல் காக்கும் மாத்திரை எது என்று ஆராய்ச்சி. அந்த ஊர்ப் பெண்கள் மாத முடிவுக்குள் பரிசோதனைக்கு வராவிட்டால் எண்ணிக்கை போதாது, ஐந்து வருஷ உழைப்பு பாழ். ஆனால் எங்கள் லுவோ இன வழக்கப்படி மாமியார் மருமகன் முகத்தில் விழிக்கலாமா? ஜீப் புழுதி தெரிந்ததுமே அவர் மாமியார் நியார் கெம் சோளக்கொல்லைக்குள் ஓடிவிடுவார். மகளிர் குழுத் தலைவி ஓடினால் மற்றவர்கள் நிற்பார்களா? ஊர் முறையில் அவர்களும் அவருக்கு மாமியார்கள்தானே! கர்ப்பிணி மருமகள்களையும் இழுத்துக்கொண்டு ஓடினார்கள்.

"எனக்குப் பதிலா அனுப்ப வேற டாக்டரும் இல்லையே, சிஸ்டர்" என்று டாக்டர் தலையில் கைவைத்தார்.

எனக்கு எரிச்சல் வந்தது. "முகத்தைப் பாத்துத்தானே ஓடுறாங்க? மறைச்சாப் போச்சு!" படுக்கை விரிப்பு ஒன்றில் கை நுழையும் அளவுக்கு ஓட்டை போட்டு அந்த ஊர் மரத்தில் கட்டி, டாக்டரை அதன் பின்னால் உட்காரவைத்தேன். சேதி கேட்டுப் பெண்கள் வரிசையில் வந்தார்கள், முதல் ஆளாக நியார் கெம்.

"முதல்ல என் விரல்ல குத்துங்க. வலிச்சா என் மருமக வரமாட்டா." நியார் கெம் கையை நீட்டினார். குத்தியதும், "டாக்டரய்யா, என் மருமகனைத் தெரியுமா?"

டாக்டர் விழித்தார். "கேள்விப்பட்டிருக்கேன்மா."

"ஊருக்கெல்லாம் ஊசி போடுறானாம். என் பொண்ணை இங்க கூட்டியாந்து ரெண்டு வருஷமாச்சு."

"மடையன்மா அவன்!"

"என் மருமகனை மடையன்னு சொல்ல நீங்க யாரு?"

வரிசையே வெடித்துச் சிரித்தது. அன்றைக்கு ஒருத்தியும் ஓடவில்லை. மாதம் முடியுமுன் எண்ணிக்கை நிறைந்தது. அடுத்த ஞாயிறே டாக்டர் மனைவியைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

மாத்திரை பலித்தது. கடைசிப் பரிசோதனை நாளில் கொழுகொழு பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு நியார் கெம் வந்தார். ஓட்டை வழியாகக் கை நீண்டது. அன்றைக்குக் குத்த வேண்டியதே இல்லை. துழாவி, டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டது.

"டாக்டரய்யா, என் மருமகன்கிட்ட சொல்லுங்க. அவனை மடையன்னு சொன்ன டாக்டரை நான் மன்னிச்சுட்டேன்."

டாக்டர் இன்னொரு கையால் அந்தக் கையைப் பொத்திக்கொண்டார். "சொல்லிடுவார்மா" என்று நான்தான் பதில் சொன்னேன்.