சூஜென் ஆட்ட மறுத்த கொடி

ஒரு நாடு கப்பல் அனுப்பித் தன் மக்களை மீட்கும்போது, யார் தன் மக்கள் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறது? எங்கள் ஊர்ச் சமையல்காரி தெங் சூஜென் இதைக் கேட்டுவிட்டுத் தன் கதையைச் சொன்னார்.

சீனாவின் சிச்சுவான் மலையடிவாரத்தில் நூடுல்ஸ் கடை வைத்து நொடித்துப்போனவர் அவர். கடல் கடந்து பாலம் கட்டப் போன கொத்தனார்களுக்குச் சமைக்கக் கிளம்பினார். போன அன்றே முதலாளி எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் வாங்கிப் பெட்டியில் பூட்டினார். யாரும் வேறு வேலைக்கு ஓடிவிடக் கூடாதாம். சூஜென் மட்டும், "என்னோடது வழியிலயே தொலைஞ்சுபோச்சு" என்று சாதித்துவிட்டு, அதை மிளகு மூட்டைக்குள் புதைத்து வைத்தார்.

இரண்டாம் வருடம் அந்த நாட்டில் சண்டை மூண்டது. முதலாளி பெட்டியோடு காரில் பறந்துவிட்டார். சூஜெனும் கொத்தனார்களும் லாரி பிடித்துத் துறைமுகம் சேர்ந்தபோது, சீனர்களை மீட்க வந்த அவர்கள் நாட்டுப் போர்க்கப்பல் நின்றிருந்தது.

மிளகு நெடியடித்த பாஸ்போர்ட்டைப் பார்த்த அதிகாரி தும்மிக்கொண்டே சூஜெனை ஏறச் சொன்னார். கையில் சின்னக் கொடி ஒன்றைக் கொடுத்தார். கொத்தனார் சியூவையும் மற்றவர்களையும் மறித்துவிட்டார்.

"பாஸ்போர்ட் இல்லாதவங்க ஓரமா நில்லுங்க. விசாரிச்சு அடுத்த கப்பல்ல பாக்கலாம்."

ஊருக்குள் குண்டு வெடித்தது.

ஏணியின் மேலே கேமராக்காரர் காத்திருந்தார். "அக்கா, கொடிய ஆட்டிக்கிட்டே ஏறுங்க. கண்ணு கலங்கினா இன்னும் நல்லாருக்கும்."

சூஜென் கொடியைச் சுருட்டி இடுப்பில் செருகினார். நடுப்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"அவங்க ஏறட்டும். அப்புறம் ஆட்டறேன்."

பின்னால் வரிசை முட்டி மோதியது. அதிகாரி பல்லைக் கடித்தார். "எழுந்திரும்மா! அவங்க நம்ம ஆளுங்கதான்னு என்ன அத்தாட்சி?"

"ரெண்டு வருஷமா என் காரத்தத் தின்னுட்டும் உயிரோட இருக்காங்களே, வேறென்ன வேணும்?" வரிசையில் சிரிப்பு கிளம்பியது. "கப்பல் ஆளுக்கு வந்துச்சா, அட்டைக்கு வந்துச்சா தம்பி?"

கீழிருந்து சியூ கத்தினார். "நீங்க போங்கக்கா! எங்களால உங்களுக்கு எதுக்கு வம்பு?"

"வாய மூடு சியூ! உன்னை விட்டுட்டுப் போய் நான் ஊர்ல யாரு மூஞ்சில முழிக்கிறது?"

அதிகாரி கேமராவை நிமிர்ந்து பார்த்தார். அதன் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"பேர எழுதிக்கிட்டு ஏத்துங்க" என்றார்.

கடைசிக் கொத்தனாரும் ஏறிய பிறகுதான் சூஜென் எழுந்தார். சொன்னபடி கொடியை ஆட்டினார். கேமராவைப் பார்த்து, "எங்க ஆளுங்க பாஸ்போர்ட்ட முதலாளி எடுத்துட்டு ஓடிட்டான். இதையும் காட்டுங்க!" என்றார்.

தொலைக்காட்சிச் செய்தியில் கொடி ஆடியது. அவர் வாயும் அசைந்தது. ஆனால் குரலுக்குப் பதில் பாட்டு ஓடியது.

அந்தப் பாட்டை வைத்து மறைத்த அவர் பேச்சு, நான் மேலே எழுதியதுதான். படித்தவர்கள் இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள்.