அடுத்த வீதியில் ஒரு சிக்குக் கோலம்

என் வீட்டுக்காரர் அடுத்த வீதி வீடு ஒன்றுக்குள் நுழைந்து, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "ஒரு காபி கொடு" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு அம்மாவும் மறுபேச்சில்லாமல் கொடுத்திருக்கிறார்! ஸ்ரீரங்கத்து வீதிகள் கோயிலைச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றாகப் போகின்றன. நாங்கள் இருப்பது வடக்குச் சித்திரை வீதி. அவர் நுழைந்தது அதற்கு உள்ளே இருக்கும் வடக்கு உத்திர வீதி. ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் குழம்பலாம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர் குழம்பலாமா? அந்த அம்மா அவரைக் கொண்டுவந்து விட்ட கையோடு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன்.

தென்னூர் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, "இப்ப பயப்பட ஒண்ணும் இல்லம்மா. ஆனா இப்படியே விட்றாதீங்க" என்றார். "மூளைக்கும் வயசாகும். நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்கப் பாக்கலாம். சுகரைக் கட்டுல வையுங்க. கீரை, பயறு சாப்பிடட்டும், தினம் நடக்கட்டும். முக்கியமா, தெரியாத வேலை ஏதாவது புதுசா கத்துக்கட்டும்."

ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த மனிதர் புதிதாகக் கற்றுக்கொண்டது, டிவி ரிமோட்டை இடது கையால் அமுக்குவது ஒன்றைத்தான். வலது கையில் மிக்சர் இருக்கும். விடுவேனா நான்! மிக்சர் டப்பா வீட்டை விட்டே போனது. விடிந்ததும் காவிரிக்கரை அம்மா மண்டபம் வரை நடை. திரும்பி வந்ததும் கையில் கோலப்பொடிக் கிண்ணம்.

"ஆம்பளை கோலம் போட்டா தெருவே சிரிக்கும்டி."

"சிரிக்கட்டுமே, பல்லு அவங்களோடதுதானே? குனியுங்க!"

சிக்குக் கோலத்தில் ஒரே இழை புள்ளிகளைச் சுற்றி வளைந்து வளைந்து ஓடி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேர வேண்டும். அவருடையது சேரவே இல்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவார், நானும் திருப்பித் திட்டுவேன். பால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார். மார்கழி பிறந்த பிறகு ஒரு நாள் அந்த இழை வந்து சேர்ந்துவிட்டது. நான் வாசலிலேயே கைதட்டிக் குதித்தேன். வெட்கமாவது ஒன்றாவது!

அந்தத் தைரியத்தில் மறுநாள் கீரை வாங்க அவரைத் தனியாக அனுப்பினேன். வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். பயந்தபடியே, உத்திர வீதியில் அதே வீட்டு வாசலில்தான் இருந்தார். போச்சு, எல்லாம் போச்சு!

கிட்டே போனேன். கீரைக்கட்டு படியில் கிடந்தது. மனிதர் குந்தி உட்கார்ந்து கோலம் போட்டுக்கொண்டிருந்தார். அந்த அம்மா வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தார்.

"ஏங்க, நம்ம வீடு எங்க இருக்குன்னு..." என்று இழுத்தேன்.

"அடுத்த வீதில இருக்கு. ஏன், மறந்துட்டியா?" என்றார், தலை நிமிராமல். "அன்னைக்கு யாரு எவருன்னு கேக்காம இவங்க காபி கொடுத்தாங்கல்ல? சும்மா தாண்டிப் போக மனசு வரலை. இன்னும் ஒரு வளைவுதான், முடிச்சுட்டு வரேன்."