வாங்கிய பிறகு கூப்பிடுகிறவர்கள்

வீடு வாங்கப் போகிறவருக்காக அந்த வீட்டைத் தட்டி, தடவி, கூரைக்குள் ஏறிப் பார்த்து, உள்ள குறையை உள்ளபடி சொல்வது என் தொழில். கிழக்கிலங்கையின் கல்முனைப் பக்கத்தில் இதற்கு இன்னும் யாரும் ஒரு பெயர் வைக்கவில்லை. கட்டடத் தொழில்நுட்பம் படித்தவள் என்பதால் முகத்துக்கு நேரே "மிஸ்" என்பார்கள். முதுகுக்குப் பின்னால் "ஊட்டுக்குக் குறை சொல்ற பொம்புள". காணி அளக்கிற சேவையருக்குக் காசு கொடுப்பார்கள், உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசுக்குக் கொடுப்பார்கள், தரகருக்கு மனமுவந்து கொடுப்பார்கள். சுவரைப் பார்ப்பதற்கும் காசா என்று வரும்போதுதான் குடும்பமே கூடி இருந்து யோசிக்கும். குடிபுகுந்த முதல் மாரியிலேயே வாளியும் பழந்துணியுமாக நடுவீட்டில் நின்ற அனுபவம் உங்களுக்கும் உண்டென்றால், நான் சொல்லப் போவது உங்களுக்குப் புதிதாக இராது.

சஹனில் வந்த வீடு

ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் பக்கம், சஹன் என்கிற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எனக்கு எதிரே என் பள்ளித் தோழியின் மாமி. வலது கை சோற்றில் இருக்க, இடது கையால் தொலைபேசியை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினார். அதில் ஒரு வீடு ஓடிக்கொண்டிருந்தது. சுவர், மின்விசிறி, யாரோ ஒருவருடைய கால், மறுபடியும் சுவர். "வாங்கலாமா மிஸ்? சட்டெண்டு சொல்லுங்க, தரகர் காத்திட்டிரிக்கார்" என்றார்.

இப்படிப் பார்த்துச் சொல்ல ஏலாது, நேரில் போக வேண்டும், அதற்கு இவ்வளவு எடுப்பேன் என்றேன். மாமி வாயில் இருந்ததை விழுங்கினார். பிறகு என் பக்கம் அன்போடு தள்ளி வைத்திருந்த இறைச்சித் துண்டைத் திரும்பவும் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னார்: "பாக்கிறதுக்கு என்னத்துக்கு மிஸ் காசு? கண் உங்கட கண்தானே."

மச்சான் பார்த்த வீடு

வரிப்பத்தான்சேனையில் வயல் செய்கிற ஒருவர், மகளுக்குக் கொடுக்க மருதமுனையில் வீடு தேடினார். விதைநெல் வாங்கப் போனால் நாலு மணியைப் பல்லால் கடித்துப் பார்க்காமல் மூட்டையில் கை வைக்கமாட்டார். என்னிடம் வந்து எல்லாம் விசாரித்துவிட்டு, யோசித்துச் சொல்வதாகப் போனார். பிறகு சத்தமில்லை. கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சான் வீட்டைப் பார்த்துவிட்டதாகவும், எல்லாம் நல்லம் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். மச்சான் கட்டாரில் கட்டட வேலைத்தளத்தில்தான் இருந்தார். அங்கே லொறி ஓட்டினார்.

மாரி பிறந்ததும் எனக்கு அழைப்பு வந்தது. போனேன். ஒழுங்கைக்குக் கொங்கிரீட் போட்டு உயர்த்தியதில், வீட்டின் நிலம் தெருவைவிடத் தாழ்ந்து போயிருந்தது. ஊர்த் தண்ணீர் எல்லாம் முன்வாசலால் வந்து குசினி அடுப்பைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. மகள் கட்டிலின் மேல் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தாள், ஒருவர் முகத்தையும் பார்க்கவில்லை. மச்சான் என்னத்தைப் பார்த்தார் என்று கேட்டேன். வயல்காரர் சாரனை முழங்காலுக்கு மேல் பிடித்தபடி சொன்னார்: "கதவெல்லாம் திறந்து மூடிப் பாத்தார் மிஸ். சுவரில தட்டியும் பாத்தார். அவர் பாத்தது கோடையில."

அலுமாரி

கேட்ட உடனேயே சம்மதித்துக் காசு கொடுத்த ஒரே மனிதர் பெரியநீலாவணையில் கடலுக்குப் போகிற ஒருவர். கழற்றிப் பார்க்காமல் வள்ளத்துக்கு இயந்திரம் வாங்குவோமா, வீடு மட்டும் என்ன என்றார். இருவருமாகப் போய்க் கல்முனையில் ஒரு வீடு பார்த்தோம். விற்பவர் ஓய்வுபெற்ற உத்தியோகத்தர். புதுப் பெயின்ட் மணம் தெருவுக்கே வந்தது. நான் எந்த அறைக்குப் போனாலும் தேத்தண்ணிக் கோப்பையோடு எனக்கு முன்னால் வந்து நின்றார்.

பின்னறையில் ஒரு பெரிய அலுமாரி, யன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றது. வெளிச்சத்தை மறைத்து அலுமாரி வைக்கிறவர்கள் உலகத்தில் இல்லை. கொஞ்சம் நகர்த்தலாமா என்றேன். அது மனைவி கொண்டுவந்த சீதனம், வைத்த இடத்தில் இருந்து அசைத்ததே இல்லை என்றார். மீன்காரர் முன்னால் வந்தார். வலை இழுத்துப் பழகிய கையை அலுமாரியின் முதுகில் கொடுத்து ஒரே இழுவை. பின்னால் சுவர் மேலிருந்து கீழ்வரை பிளந்து கிடந்தது, என் விரல் உள்ளே போனது. மீன்காரர் என்னைப் பார்த்து, "போவம் மிஸ்" என்றார். விற்பவருக்கு அவர் மேல் கோபமே இல்லை. படலை வரைக்கும் என் பின்னாலேயே வந்து, உண்மையாகவே மனம் நொந்து சொன்னார்: "நீங்க அலுமாரிய இழுக்குமட்டும் இந்த ஊட்டில வெடிப்பே இல்ல."

குறை இல்லாத வீடு

ஒரு வங்கி உத்தியோகத்தருக்காக அரை நாள் செலவழித்து ஒரு வீட்டைப் பார்த்தேன். கூரைக்குள் தவழ்ந்தேன், மலசலகூடக் குழியின் மூடியைத் திறந்தேன், கிணற்றை எட்டிப் பார்த்தேன். அருமையான வீடு. யாரோ பயபக்தியுள்ள மேசன் ஒருவர் கட்டியிருக்கிறார். சந்தோசமாகத் தலையில் இருந்த சிலந்தி வலையைத் துடைத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள் என்றேன்.

அவருடைய முகம் வாடிவிட்டது. நன்றாகப் பார்த்தீர்களா என்றார். பார்த்தேன் என்றேன். எதற்கும் இன்னொருக்கா ஏறிப் பாருங்களேன் என்றார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, விலை குறைக்கக் கேட்பதற்கு ஒரு சின்ன வெடிப்பாவது எழுதித் தர ஏலுமா என்றார். இல்லாததை எழுதமாட்டேன் என்று சொன்னதும் காசை எடுத்து நீட்டியபடியே கேட்டார்: "ஒரு குறையும் இல்லாத ஊட்டுக்கு உங்களக் கூப்பிட்டது என்ட பிழைதானே மிஸ்?"

சப்னாவின் வீடு

சப்னா ஒரு பாடசாலையில் ஆசிரியை. கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கல்யாணம் நடப்பது அரிது. மாப்பிள்ளையின் உம்மாவோ ஓட்டு வீடு வேண்டாம், கொங்கிரீட் பிளேட் போட்ட வீடுதான் வேண்டும், பிறகு மேலே மாடி எடுக்கலாம் என்று சொல்லியிருந்தார். பெரிய வீதிக்குக் கிட்ட அப்படி ஒன்று அகப்பட்டதும், சாரன் கடை வைத்திருக்கும் சப்னாவின் வாப்பா பார்த்த அன்றே வாய்ச்சொல் கொடுத்துவிட்டார். ஆள் வைத்துச் சோதித்தால் விற்பவரை நம்பாதது போல் ஆகும் என்பது அவருடைய எண்ணம். சப்னாதான் என்னை அழைத்தாள், தன் சம்பளத்தில் தருவதாகச் சொன்னாள். "வாப்பா கோவிப்பார் மிஸ். ஆனா அதில இரிக்கப் போறது நான்தானே."

அந்த வீட்டில் குசினிக்கு மட்டும் புதிதாகச் சீலிங் அடித்திருந்தார்கள். ஒரு பலகையைக் கழற்றி டோர்ச் அடித்தேன். கொங்கிரீட் பொருக்குப் பொருக்காக உதிர்ந்து, கம்பிகள் கறள் பிடித்து ஊதி, வெளியே தொங்கின. சுரண்டிய துண்டில் சிப்பி கிடந்தது. கடல் மண்ணில் போட்ட பிளேட், உப்பு கம்பியைத் தின்றிருந்தது. சப்னா அண்ணாந்து பார்த்துவிட்டு, "வாப்பாக்கிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றாள்.

கடையில், ஆட்கள் இல்லாத நேரமாகப் போய்ச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. மடித்த சாரன் ஒன்றை விரித்தார், மடித்தார், திரும்பவும் விரித்தார். "மிஸ், கலியாணம் முடியுமட்டும் தாங்குமா?" என்றார். பகிடியாகக் கேட்கவில்லை, கண் கலங்கியிருந்தது. வாய்ச்சொல்லும் மகளின் கல்யாணமும் சேர்ந்து அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்திருந்தன. கல்யாணத்தன்று அந்தக் குசினியில் எத்தனை பெண்கள் நிற்பார்கள் என்று யோசியுங்கள் என்றேன்.

அவர் போய் வாய்ச்சொல்லைத் திரும்ப எடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் கதையை நிறுத்திக்கொண்டார்கள். கல்யாணம் முறிந்தது என்றே ஊர் பேசியது. சப்னா பாடசாலைக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள், எனக்கு அவளை வீதியில் காணவே கூச்சமாக இருந்தது. பிறகு ஒருநாள் மாப்பிள்ளையே கடைக்கு வந்து, பின் ஒழுங்கையில் இருக்கும் ஓட்டு வீடு தனக்குப் போதும் என்று சொல்லிவிட்டுப் போனான். அந்த வீட்டை நான் ஏறிப் பார்த்த பிறகுதான் வாங்கினார்கள். விருந்துக்குப் போனேன். மாப்பிள்ளையின் உம்மா சாப்பிட்டு முடியும்வரை கூரை ஓடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவும் இடத்தில் என்னைப் பிடித்துக்கொண்டார்: "குளிர்ச்சிதான் மிஸ், இல்லண்டு சொல்லல்ல. எண்டாலும் பிளேட் பிளேட்தான்."

சொந்தத் தம்பி

புது வீட்டுக்குத் தேத்தண்ணி குடிக்க வரச் சொல்லி என் தம்பி கூப்பிட்டான். அவன் வீடு வாங்கிய விசயமே அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. விறாந்தையில் உட்கார்ந்து, பெயின்டுக்குக் கீழே சுவர் முழுக்க ஓடிய மழைவெள்ளக் கறையைப் பார்த்துக்கொண்டே கோப்பையை வாங்கினேன். ஊரில் எல்லோருக்கும் பார்க்கிறேன், உனக்குக் காசும் வேண்டாமே, ஒரு சொல் சொல்லியிருக்கக் கூடாதா என்றேன். தம்பி மனைவியைப் பார்த்தான், அவள் யன்னலைப் பார்த்தாள். "எங்களுக்கு ஊடு நல்லாப் புடிச்சிட்டு ராத்தா" என்றான் அவன். "நீங்க வந்தா அது கைய விட்டுப் போயிரும்."

மொத்தத்தில், வீடு வாங்கி முடித்தவர்கள் எல்லோரும் முதலிலேயே என்னிடம் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். வாங்கப் போகிறவர்கள் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்றுதான் எனக்கு இன்னும் தெரியவில்லை.