பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவர்

அமிர்தம் பேரூராட்சியில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்டட வழக்கு வந்தால் கள்ளக்குறிச்சி கோர்ட்டில் நிபுணர் சாட்சி சொல்லப் போவாள். யார் அழைத்துப் போனாலும் அவர்கள் வீட்டில் காப்பி குடிக்கமாட்டாள். "குடிச்சா கோணச் செவுரு நேரா தெரியுமா?" என்பான் கணவன் பொன்னுரங்கம்.

அவனுடைய அக்காள் ரங்கம்மாளுக்கு வடக்கனந்தலில் வீடு. பக்கத்து வீட்டுக்காரி குஞ்சம்மாள் மாசியில் கழிவறைக் குழி தோண்டினாள்; சுவர் விரிந்துவிட்டதென்று ரங்கம்மாள் வழக்குப் போட்டாள்.

"வூட்டுலயே இஞ்சினீர வச்சிக்கினு வெளியாளு எதுக்கு?" என்றாள் ரங்கம்மாள்.

"வேற யாரையாவது பாருங்க அண்ணி. நான் இருக்கிறதத்தான் எழுதுவேன்."

"நான் மட்டும் இல்லாததையா எழுதச் சொல்றேன்?"

அமிர்தம் போனாள். விரிசலுக்குள் விளக்குப் பிடித்துப் பார்த்தாள். குழி சுவரை ஒட்டியே இருந்தது, அதனால் விரிசல் அகலமாகியிருந்தது. ஆனால் ஆழத்தில் சுண்ணாம்பு படிந்திருந்தது. ரங்கம்மாள் வருஷம் தவறாமல் பொங்கலுக்கு வெள்ளையடிப்பவள், சந்துபொந்து விடமாட்டாள். அதாவது, மாசியில் குழி வெட்டும் முன்பே சுவர் விரிசல் விட்டிருந்தது. பழைய மண்சுவர்மேல் மாடி எடுத்த வினை.

இரண்டையும் எழுதினாள். ரங்கம்மாளின் வக்கீல் பிச்சைமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுண்ணாம்பு வரிய மட்டும் எடுத்துடலாமேம்மா."

"எடுங்க. கூடவே என் கையெழுத்தையும் எடுத்துடுங்க."

வேறு ஆள் கிடைக்காததால் அப்படியே தாக்கல் செய்தார். பொன்னுரங்கத்துக்கு வேறு கவலை. அடுத்த மாதம் மகள் கண்ணகிக்கு வளைகாப்பு. முதல் வளையல் அத்தைதான் போட வேண்டும். "அக்கா வராட்டி நான் சாதிசனத்துக்கு இன்னா பதில் சொல்றது?" என்று இரண்டு நாள் முனகிக்கொண்டே இருந்தான்.

கூண்டில் ஏறியதும் அமிர்தம், "வாதி எனக்கு நாத்தனார்" என்று தானே சொன்னாள். பிறகு குழியைப் பற்றிச் சொன்னாள். சுண்ணாம்பைப் பற்றியும் சொன்னாள்.

பின்னாலிருந்து ரங்கம்மாள் குரல் கொடுத்தாள்: "அப்ப பொங்கலுக்கு நான் வெள்ளையடிக்காம பாழா போட்டிருக்கணும்ன்றாளா?"

குஞ்சம்மாளே சிரித்துவிட்டாள். ஜட்ஜ் அமைதியாக இருக்கச் சொன்னார்.

வளைகாப்பன்று பந்தல் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றான் பொன்னுரங்கம். நல்ல நேரம் முடியப்போகும் சமயம் ரங்கம்மாள் தட்டு வரிசையோடு வந்தாள். கண்ணகிக்கு முதல் வளையல் போட்டாள், கன்னத்தைத் தடவினாள். அமிர்தம் வைத்த இலையில் உட்கார்ந்து வடையை மறுபடி கேட்டுச் சாப்பிட்டாள். அமிர்தத்தின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

கிளம்பும்போது தம்பியிடம் பேசினாள், அமிர்தம் பக்கத்தில்தான் நின்றாள்.

"மாடிய இறக்கிட்டுப் புதுசா கட்டலாம்னு ஒரு இஞ்சினீர கூட்டியாந்தேன்டா. இன்னா கேட்டாலும் 'பேஷா பண்ணலாங்க'ன்றான். செவுத்த ஒரு தட்டுகூடத் தட்டிப் பாக்கல. உம் பொண்டாட்டிய வந்து பாக்கச் சொல்லு."

பொன்னுரங்கம் சந்தோஷமாக அமிர்தத்தின் பக்கம் திரும்பினான்.

"தீர்ப்பு வர்ற வரைக்கும் நான் அந்த வூட்டுப் பக்கம் வரக்கூடாது அண்ணி," என்றாள் அமிர்தம்.

ரங்கம்மாள் அப்போதுதான் அவளை நேராகப் பார்த்தாள். "இவகூட எப்படிடா குடித்தனம் பண்ற?" என்று தம்பியைக் கேட்டுவிட்டு, தாம்பூலப் பையை அமிர்தத்தின் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள்.