மெட்டில்டா பேரைச் சொல்லி வந்த போன்

சேலையூரில் தட்சிணாமூர்த்தியின் பாத்திரக் கடையில் எவர்சில்வர் வாங்கினால் அதில் பேர் வெட்டித் தருபவர் மெட்டில்டா. அவர் வெட்டிய இனிஷியல் இல்லாத அடுக்களை எங்கள் தெருவில் இல்லை. வாங்கும்போதெல்லாம் புள்ளி சேரும் கடையின் பாயின்ட் கார்டு வைத்திருப்பவர்களுக்குக் கல்யாண நாளன்று போன் செய்து வாழ்த்துவதும் அவர்தான். நான் மஸ்கட்டில் இருக்கிறேன். என் அம்மா கங்கையம்மாள் ராஜகீழ்ப்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். சில வாரங்களில் என்னைவிட மெட்டில்டாவோடுதான் அவர் அதிகம் பேசியிருப்பார்.

தீபாவளி நெருங்கும் நேரத்தில் ஹேமாவதி என்ற வாடிக்கையாளர் கடைக்குள் நுழைந்து நேராக மெட்டில்டா முன்னால் போய் நின்றார்.

"ஏம்மா, நேத்து நீயா எனக்கு போன் பண்ணி ஓடிபி கேட்ட?"

குக்கர் பரிசு விழுந்திருக்கிறது என்று ஒரு பெண் பேசினாளாம். பேர் மெட்டில்டா என்றாளாம். கல்யாண நாளைக்கூடச் சரியாகச் சொன்னாளாம். நல்லவேளை, மருமகள் போனைப் பிடுங்கிவிட்டாள்.

பாயின்ட் கார்டு விவரங்களைப் பார்த்துக்கொள்ளும் கம்பெனியிலிருந்து எல்லாம் திருடு போயிருந்தது. தட்சிணாமூர்த்திக்கு முன்பே மெயில் வந்திருக்கிறது. பண்டிகை முடியட்டும் என்று மூடி வைத்துவிட்டார். வியாபார நேரத்தில் நாமே தண்டோரா போட வேண்டுமா என்று கேட்டார்.

"நாம சொல்லலைன்னா அவங்க என் பேரைச் சொல்லி ஏமாத்திக்கிட்டே இருப்பாங்க சார். நாளைக்கு நான் ரோட்டுல எப்படி நடக்கிறது?"

முதலாளி இறங்கி வந்தார். முதலில் எஸ்எம்எஸ் அனுப்பினார்கள். தள்ளுபடி விளம்பரம் என்று நினைத்து யாரும் படிக்கவில்லை. மெட்டில்டா ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். நீ அசல் மெட்டில்டாவா, டூப்ளிகேட்டா என்று கேட்டார்கள். கேட்டுவிட்டு போனை வைத்துவிட்டார்கள்.

பில் போடும்போதுகூட நிற்காத ஜனம், பேர் வெட்டும்போது மட்டும் அசையாது. எழுத்து கோணிவிடுமோ என்று மெஷின் மேலேயே குனிந்து நிற்கும். மெட்டில்டா அதைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கடைப் பாத்திரமானாலும் சனிக்கிழமை பேர் வெட்டுவது இலவசம் என்று வாசலில் போர்டு வைத்தார்கள்.

சனிக்கிழமை குடமும் அண்டாவும் இட்லிப் பானையுமாக வரிசை பஸ் ஸ்டாப் வரை நின்றது. வரிசையில் நின்ற தசரதன் என்பவர் தன் நாயின் சோற்றுக் கிண்ணத்தைக் கொண்டுவந்து 'விக்கி' என்று வெட்டச் சொன்னார். ஒரு எழுத்து வெட்டினால் ஒரு வாக்கியம் என்று மெட்டில்டா சொல்லிக்கொண்டே போனார்: உங்கள் பேர், நம்பர், விலாசம், கல்யாண நாள் எல்லாம் வெளியே போய்விட்டது, தப்பு எங்களுடையது, ஓடிபி யாருக்கும் சொல்லாதீர்கள், லிங்க்கைத் தொடாதீர்கள், ஏற்கெனவே ஏமாந்திருந்தால் உடனே சைபர் மோசடிப் புகார் நம்பரான 1930க்குப் போன் போடுங்கள்.

"நானே கூப்பிட்டாலும் கட் பண்ணிட்டு நேரா கடைக்கு வாங்க" என்று முடிப்பார்.

ஒருவர் கோபத்தில் கார்டை மேசைமேல் வீசினார். தட்சிணாமூர்த்தி எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். வீசியவர் அரை மணி நேரம் முணுமுணுத்துவிட்டு ஒரு தோசைக்கல் வாங்கிக்கொண்டு போனார்.

அம்மாவும் போயிருந்தார். தன் முறை முடிந்த பிறகும் வரிசையில் நின்றவர்களோடு ஊர்க்கதை பேசிவிட்டு, பேர் வெட்டிய தூக்குவாளியை அங்கேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சாயங்காலம் அதைப் பார்த்த மெட்டில்டா, பழக்க தோஷத்தில் போன் போட்டார். "அக்கா, மெட்டில்டா பேசறேன். உங்க தூக்குவாளி இங்கயே..."

"யாரு, நீ மெட்டில்டாவா? அவ இன்னிக்கு என் எதிர்ல குந்திக்கினு இன்னா சொன்னா தெரியுமா? உன்ன மாரி ஆளு பேசினா மூஞ்சில அடிச்சா மாரி வெக்க சொன்னா. வையி போன."

மறுபடி போட்டார். முதல் மணியிலேயே கட். மெட்டில்டா கண்ணில் நீர் வரச் சிரித்து முதலாளியிடம் சொல்ல, இன்னொரு தடவை போட்டுப் பார்க்கச் சொன்னார் அவர். அதுவும் கட்.

மறுநாள் கடை திறந்ததும் அம்மா போய் நின்றார். திருடி தன்னிடமே வேலையைக் காட்டினாள், தூக்குவாளி வரைக்கும் விசாரித்து வைத்திருக்கிறாள் என்று மூச்சு விடாமல் சொன்னார்.

"குரல் கூட அப்டியே உன்னுது மாரியே கீது மெட்டில்டா."

மெட்டில்டா தூக்குவாளியை எடுத்து மேசைமேல் வைத்தார். அம்மா அதைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார்.

"அப்ப நல்லாத்தான் திட்டிகீறேன்" என்றார்.