பெட்டி சொன்ன முப்பத்தேழு புள்ளி ஆறு

“பர்ப்பஸ்னு ஒரு கட்டம் இருக்கும்மா. அதுல என்ன எழுதட்டும்?” என்று கேட்டார் எங்கள் இன்சார்ஜ்.

“கோழி முட்டை சார்.”

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. எங்கள் லேபில் உள்ள நல்ல தெர்மாமீட்டரைச் சனி, ஞாயிறு இரண்டு நாள் மட்டும் வீட்டுக்கு எடுத்துப் போக கேட் பாஸ் கேட்டேன். திங்கட்கிழமை பத்திரமாகத் திருப்பித் தந்துவிடுவேன். ஆனால் பாஸில் கையெழுத்துப் போட்டால் அது மேலே போகும். மேலே இருப்பவர் கோழி முட்டையைப் படிப்பார். இன்சார்ஜ் பயந்தது நியாயம்தான்.

என் பிரச்சினை என்ன என்று சொல்ல, பத்து நாள் பின்னால் போக வேண்டும்.

எங்கள் வீட்டுக் கோழிகள் அம்மாவுடையவை. கேன்டீன் வேலையை விட்ட பிறகு தனக்கென்று அவள் வைத்துக்கொண்டது அவற்றைத்தான். அதில் ஒரு சிவப்புக் கோழி பதினோரு முட்டைகளோடு அடையில் இருந்தது. ஒன்பதாம் நாள் காலை தெரு நாய் புகுந்து கோழியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. முட்டைகள் தப்பித்தன. தொட்டால் இன்னும் சூடு.

எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா சத்தம் கேட்டு ஓடி வந்தார்.

“எங்க வெள்ளக் கோழி அடைலதான் கீது. அது கீழ அஞ்சு முட்டதான். எல்லாத்தையும் கொண்டா, வெச்சிடலாம்.”

அம்மா முட்டைக் கூடையைத் தூக்கிவிட்டாள். நான்தான் குறுக்கே போனேன்.

“வேணாம்மா. எங்கிட்ட இன்குபேட்டர் இருக்குது.”

இருந்தது. வீடியோ பார்த்து நானே செய்தது. தெர்மோகோல் பெட்டி, குண்டு பல்பு, ஒரு சின்ன ஃபேன், ஆன்லைனில் வாங்கிய கன்ட்ரோலர். சூடு குறைந்தால் பல்பு எரியும், கூடினால் அணையும். செய்து முடித்து ஒரு மாதமாக பீரோ மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... கோழி போன துக்கத்தைவிட, பெட்டிக்கு வேலை வந்த சந்தோஷம்தான் எனக்கு முதலில் வந்தது.

“பொட்டி பொரிக்குமா மே?” ஸ்டெல்லா அக்கா சிரித்தார். “அப்பறம் கோழி இன்னாத்துக்கு?”

அம்மா அவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். “படிச்சவ சொல்றா. வெச்சிப் பாக்கட்டும்” என்று கூடையை என் கையில் கொடுத்தாள்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ வரை. ‘அதையே ஏன் வாராவாரம் சொல்கிறாய்’ என்று இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் சிலர் எழுதிக் கேட்கிறீர்கள். சொல்வேன். ஆனால் அன்றைக்கு அம்மா தெருவில் நின்று சொன்னதுதான் கொஞ்சம் பயமாக இருந்தது. முட்டைகளுக்கு வேறு இடம் இருந்தது. நான்தான் வேண்டாம் என்றேன். இனி கெட்டால் என்னால் கெட்டது.

பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு முட்டையிலும் ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி. வேலைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை திருப்பி வைப்பேன். நடுவில் ஒரு தடவை அம்மா. உள்ளே ஒரு கிண்ணத்தில் தண்ணீர். கன்ட்ரோலரில் சிவப்பு எழுத்தில் 37.6 டிகிரி செல்சியஸ், முட்டை பொரியத் தேவையான சூடு. எப்போது பார்த்தாலும் 37.6. பார்க்கப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

பதினெட்டாம் நாள் போன் டார்ச்சை முட்டைக்கு அடியில் பிடித்துப் பார்த்தேன். அந்தக் கணக்குக்கு, மேலே காற்று நிற்கும் இடம் தவிர முட்டை முழுக்க இருட்டாக இருக்க வேண்டும். உள்ளே குஞ்சு அடைத்துக்கொண்டு நிற்கும். எங்கள் முட்டைகளில் பாதிதான் இருட்டு. வளர்ச்சி பின்தங்கியிருந்தது. சூடு போதவில்லை என்றால்தான் அப்படி ஆகும்.

ஆனால் 37.6 காட்டுகிறதே?

இந்த இடத்தில் நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்லியாக வேண்டும்... சொல்ல வெட்கமாக இருக்கிறது. கம்பெனி மெஷின்களில் இருக்கும் மீட்டர்கள் உண்மை பேசுகின்றனவா என்று சோதிப்பதுதான் என் வேலை. சரியாக இருந்தால் தேதி போட்டு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஸ்டிக்கர் இல்லாத மீட்டரை ஓட்ட விடமாட்டேன். இதனால் புரொடக்‌ஷன் ஆட்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

அப்படிப்பட்டவள், வீட்டில் முகம் தெரியாத ஒரு கன்ட்ரோலர் காட்டிய நம்பரைப் பத்து நாள் அப்படியே நம்பியிருக்கிறேன்! ஏன்? யோசித்துப் பார்த்தேன். மற்றவர்கள் செய்ததைச் சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். இது நான் செய்தது. நான் செய்தது எப்படித் தப்பாகும்?

பொருளைச் செய்பவரே அதை பாஸ் பண்ணக்கூடாது என்று எல்லாக் கம்பெனியிலும் விதி வைத்திருக்கிறார்கள். எவ்வளவு பட்டு வைத்திருப்பார்கள்!

அதனால்தான் பத்தொன்பதாம் நாளான வெள்ளிக்கிழமை இன்சார்ஜிடம் போய் நின்றேன். பாஸ் கிடைக்கவில்லை. வெளியே வரும்போது கேட்டில் செக்யூரிட்டி குமாரி அக்கா என் பையைத் திறந்து பார்த்தார். தினமும் பார்ப்பார்.

“இன்னாம்மா, மூஞ்சி இவ்ளோ பேஜாரா கீது?”

சொன்னேன். பெட்டி, முட்டை, நல்ல தெர்மாமீட்டர், பர்ப்பஸ் கட்டம், எல்லாம்.

குமாரி அக்கா ஜிப்பை இழுத்து மூடினார். “ஏம்மா... ஊட்ல ஜொரத்துக்கு வெக்கிறது ஒண்ணு இருக்குமே. அத்த வெச்சிப் பாரேன்?”

எனக்குப் பின்னால் நின்றவர் “நவுரும்மா, பஸ் போயிடும்” என்றார். நகர்ந்தேன். வேறென்ன செய்ய?

கொரோனா காலத்தில் வாங்கிய ஜுர தெர்மாமீட்டர் அலமாரியில் டப்பாவோடு இருந்தது. பெட்டியின் காற்று ஓட்டை வழியாக உள்ளே விட்டேன். அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“இன்னாடி, முட்டைக்கு ஜொரமா?”

“ஜுரம் இல்லம்மா. அதான் பிரச்சினை.”

பீப் அடித்தது. 97.5 ஃபாரன்ஹீட். அதாவது 36.4. கன்ட்ரோலரில் அப்போதும் 37.6. ஒன்றேகால் டிகிரி பொய். ஒரு தடவைக்கு நான்கு தடவை வைத்துப் பார்த்துவிட்டு, கன்ட்ரோலரில் அந்த ஒன்றேகாலையும் கூட்டி வைத்தேன்.

“பத்து நாளா சூடு கம்மியா இருந்துச்சும்மா. நான் பாக்கல.”

அம்மா எழுந்து போய், பெட்டிக்குள் இருந்த கிண்ணத்துக்குத் தண்ணீர் கொண்டு வந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஞாயிறு, இருபத்தொன்றாம் நாள். ஒரு முட்டையிலும் கீறல் இல்லை. ஸ்டெல்லா அக்கா வாசலில் இருந்தே கேட்டார். “இன்னா மே, உம் பொட்டி இன்னும் தூங்கினு கீதா?”

“வரும் வரும். கொஞ்சம் லேட்டு” என்று அம்மாதான் பதில் சொன்னாள். நான் சமையலறையை விட்டு வெளியே வரவில்லை.

திங்கட்கிழமை நாஷ்டா சாப்பிடும்போது பெட்டிக்குள் மெல்லிய ‘கீச்’. தட்டோடு ஓடினேன். ஓட்டில் மிளகளவு ஓர் உடைப்பு. அன்றைக்கு லீவு. காரணம் கேட்டதற்கு ‘பர்சனல்’ என்று போட்டேன். அந்தக் கட்டத்துக்குக் கேள்வி வராது.

செவ்வாய் மதியத்துக்குள் ஏழு வந்துவிட்டன. ஏழும் கால் ஊன்றி நின்றன. மீதி நான்கும் வரவில்லை. ஒரு நாள் பொறுத்து, கொல்லையில் உடைத்துப் பார்த்தேன். ஒன்று வெறும் முட்டை. மூன்றில் குஞ்சு இருந்தது. இரண்டுக்கு இறகுகூட முளைத்திருந்தது. அந்த இரண்டும் கண்ணிலேயே நிற்கின்றன.

அம்மாவோ தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். “எம் பொண்ணு பொட்டிலயே பொரிச்சிட்டா, ஏழு!” மீதி நான்கைப் பற்றி யாரும் கேட்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கம்பெனியில் மீட்டர் தப்பு என்று தெரிந்தால், அது தப்பாக ஓடிய நாட்களையும் சேர்த்து எழுதச் சொல்வது நான்தான். வீட்டுக்கு வேறு நியாயமா?

ஸ்டெல்லா அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

“அக்கா, மூணு குஞ்சு உள்ளயே செத்துப்போச்சு. எம் மேலதான் தப்பு. மீட்டர நான் சரி பாக்கல. உங்க கோழி கீழ வெச்சிருந்தா பொழச்சிருக்கும்.”

அவர் கையை உதறிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“எங்க கோழி மட்டும் இன்னா மே? வெச்ச அஞ்சுல ரெண்டு போச்சு. அது உன்ன மாரி ஊடு தேடி வந்து எங்கிட்ட ஒத்துக்கிச்சா, சொல்லு?”